சாட்சி இல்லாத இறுவட்டுகள்

மாமி வீட்டில் நெல் மூட்டை அடுக்க இடம் வேண்டுமென்று பின்னறையை ஒழித்தபோது ஒரு சப்பாத்துப் பெட்டியும் இரண்டு பிஸ்கட் ரின்னும் வெளியே வந்தன. மூன்றிலும் இறுவட்டுகள்தான். எண்ணிப் பார்த்தேன், 143. கொழும்பில் வாங்கிய சினிமாப் பாட்டு, கனடாவிலிருந்து வந்தவர்கள் விட்டுப்போனவை, திருநாளுக்கு வெளியிட்ட பக்திப் பாடல், சாமத்தியவீட்டு வீடியோ, பிறகு உறையே இல்லாமல் 'கூத்து 3' என்று மேலே பேனையால் எழுதிய ஒன்று. 'கூத்து 1', 'கூத்து 2' இரண்டையும் காணவில்லை.

"உதுகளைப் போட ஒரு பெட்டியும் இப்ப வேலை செய்யிறேல்லை. எறிஞ்சு விடன்" என்றா மாமி.

எறியவில்லை. முருங்கனில் இப்படி ஒரு பெட்டி இல்லாத வீடு குறைவு. மன்னார் மாவட்டம் முழுவதும் அப்படித்தான் இருக்கும். இறுவட்டில் உள்ள இசையை இழப்பில்லாத கோப்பாகக் கணினிக்கு மாற்றுவது எப்படி என்பதற்கு உலகம் பூராவும் வழிகாட்டல்கள் உண்டு. முறையாகச் செய்தவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். ஆனால் அந்த வழிகாட்டல்கள் எல்லாம் ஒரே விதமான வீட்டை மனதில் வைத்து எழுதப்பட்டவை: கடையில் வாங்கிய அசல் இறுவட்டுகள், வரிசையாக அடுக்கிய தட்டு, நல்ல பாடலிலிருந்து தொடங்கு என்ற ஆலோசனை. நமது பெட்டிக்கு அந்த ஒழுங்கைத் தலைகீழாகப் பிடிக்க வேண்டும் என்பதுதான் இந்த வேலையில் இறங்கிய பிறகு எனக்கு விளங்கியது.

முதலில் 'இழப்பில்லாத' என்ற சொல். இறுவட்டில் ஒலி எண்களாகக் கிடக்கிறது. ஒரு செக்கனுக்கு 44,100 தடவை ஒலியலையை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட்டில், இடது வலது என இரண்டு தடங்களில் எழுதியிருப்பார்கள். பெருக்கினால் செக்கனுக்கு 14,11,200 பிட். 1980இல் பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து வகுத்த இந்தக் கணக்கு இன்றுவரை மாறவில்லை. 74 நிமிட இறுவட்டு ஒன்றை அப்படியே இறக்கினால் சுமார் 783 எம்பி வரும். எம்பி3 இதைப் பத்தில் ஒன்றாகச் சுருக்கும். காதுக்குப் பெரிதாகத் தெரியாது என்று தான் கருதும் பகுதிகளை எறிந்துவிட்டுத்தான் சுருக்கும்.

முருங்கன்காரருக்கு நெல்லை வைத்துச் சொன்னால் சுகம். எம்பி3 என்பது நெல்லைக் குத்தி அரிசியாக்குவது. உமி போனது போனதுதான், அந்த அரிசியை விதைத்தால் முளைக்காது. இழப்பில்லாத சுருக்கம் என்பது அதே நெல்லைக் காற்றுப் போகாமல் மூட்டையில் இறுக்கிக் கட்டுவது. அவிழ்த்தால் ஒரு மணி குறையாமல் அதே நெல்.

இந்த வகைக் கோப்புகளில் ஃப்ளாக் என்பதை எடுத்துக்கொண்டால் போதும். ஜொஷ் கோல்சன் என்ற நிரலாளர் எழுதி 2001இல் முதற் பதிப்பு வெளியானது. 2003இல் சிஃப் அறக்கட்டளையின் கீழ் வந்தது. யாருக்கும் காசு கட்டத் தேவையில்லாத திறந்த வடிவம். 2024 டிசம்பரில் இணையத் தரநிலைகளின் வரிசையிலும் அதற்கென்று ஓர் ஆவணம் வந்துவிட்டது. அப்பிளின் அலாக் 2004இல் வந்து 2011இல்தான் திறந்துவிடப்பட்டது. ஐபோன் வீட்டுக்காரருக்கு அதுவும் சரி, ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றினாலும் ஒரு பிட் கூடக் குறையாது. ஃப்ளாக் கோப்பு அசலின் அரைவாசி, ஐந்தில் மூன்று பங்கு என்ற அளவில் நிற்கும். ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க்கில் இரண்டாயிரம் இறுவட்டுக்குக் குறையாமல் அடங்கும். மாமியின் பெட்டி அதில் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. ஆக, இடம் ஒரு பிரச்சினையே அல்ல. எந்த வடிவம் என்று சண்டை பிடித்துக்கொண்டு நிற்பது இந்த வேலையைத் தொடங்காமல் இருப்பதற்கான மிக நல்ல சாட்டு.

உண்மையான சிக்கல் இறுவட்டை வாசிப்பதில் இருக்கிறது. பலருக்கு இது தெரியாது: பாட்டு இறுவட்டும் தரவு இறுவட்டும் வெளியில் ஒன்றுபோல் இருந்தாலும் உள்ளே வேறு. 650 எம்பி என்று மேலே அச்சடித்த வெற்று இறுவட்டில் 783 எம்பி இசை எப்படிப் போகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? ஒவ்வொரு செக்கனும் 75 துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு துண்டில் 2,352 பைட். தரவு இறுவட்டில் அதில் 2,048 மட்டுமே கோப்புக்கு, மிச்சத்தில் பெரும்பகுதி பிழை கண்டுபிடித்துத் திருத்துவதற்கு. பாட்டு இறுவட்டில் முழு 2,352உம் இசைக்கே போய்விடும். அதற்கும் ஓரளவு பிழைதிருத்தம் உண்டு, சுமார் இரண்டரை மில்லிமீற்றர் நீளக் கீறல்வரை முழுதாகச் சரிசெய்யும். அதைத் தாண்டினால் இயந்திரம் முன்பின் எண்களைப் பார்த்து ஊகித்து நிரப்பும். பாட்டுக் கேட்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. கோப்பாக மாற்றுகிறவருக்குத் தெரிய வேண்டும். பொய்யை இழப்பில்லாமல் சேமித்து என்ன பயன்?

இதற்காக எழுதப்பட்டவைதான் ஜெர்மனியின் அந்திரே வீதோஃப் 1990களின் கடைசியில் தொடங்கிய 'எக்ஸாக்ட் ஒடியோ கொப்பி', லினக்ஸில் 'சிடிபரனோயா', மக் கணினியில் 'எக்ஸ்எல்டி' போன்ற மென்பொருள்கள். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்து, விடைகள் ஒத்துவந்தால்தான் ஏற்றுக்கொள்ளும். அதற்கு மேல் 'ஆக்குரேட்ரிப்' என்றொரு தரவுத்தளம். நீங்கள் ஒரு பாட்டை இறக்கியதும் அதன் கைரேகை போன்ற எண்ணை, அதே இறுவட்டை உலகில் வேறு ஆட்கள் இறக்கியபோது வந்த எண்களோடு ஒப்பிடும். பத்துப் பேருக்கு அதே எண் வந்திருந்தால் உங்களுடையதும் சரி. பத்துப் பேரும் ஒரே இடத்தில் ஒரே பிழை விட்டிருக்க முடியாது. எளிமையான, அழகான ஏற்பாடு.

மாமியின் பெட்டியிலிருந்து நியூயோர்க் ஓரியண்டல் ரெக்கோர்ட்ஸ் வெளியிட்ட இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' இறுவட்டை எடுத்துப் போட்டேன். அந்த இசைத்தொகுப்பு 1986இல் வந்தது. அடிப்பக்கம் கண்ணாடி போல வெள்ளி நிறம். அசல். எல்லாத் தடங்களுக்கும் சாட்சிகள் வரிசையில் நின்றார்கள். ஏழு நிமிடத்தில் வேலை முடிந்தது. பிறகு 'கூத்து 3' ஐப் போட்டேன். தரவுத்தளம் கையை விரித்தது. அப்படி ஒரு இறுவட்டை அது கேள்விப்பட்டதே இல்லை. இனிக் கேள்விப்படவும் மாட்டாது.

இளையராஜாவின் அந்த இறுவட்டு நாளை உடைந்தாலும் அந்த இசை அழியாது. ரொறன்ரோவில், சென்னையில், கோலாலம்பூரில் பிரதிகள் இருக்கும். இணையத்திலும் கேட்கலாம். பழைய பதிப்பின் ஒலி இன்றைய சத்தம் கூட்டிய பதிப்புகளைவிட நன்று என்று சேகரிப்பாளர்கள் வாதிடுவார்கள், அந்த வாதத்தில் நியாயமும் உண்டு. என்றாலும் அது இரசனைப் பிரச்சினை. 'கூத்து 3' ஐ உலகில் வேறு யாரும் வைத்திருக்கிறார்களா என்று யாராலும் சொல்ல முடியாது. வழமையான ஆலோசனை 'நீங்கள் அதிகம் கேட்பதிலிருந்து தொடங்குங்கள்' என்கிறது. நான் சொல்வேன்: யாருமே கேட்காததிலிருந்து தொடங்குங்கள்.

மன்னாரில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: இங்கே கூத்தில் வடபாங்கு, தென்பாங்கு என இரண்டு மரபு. தென்பாங்கை மாதோட்டப் பாங்கு என்போம், இந்த மாதோட்டத்து மண்ணுக்கே உரியது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் 'என்றிக் எம்பரதோர் நாடகம்', 'மூவிராசாக்கள் நாடகம்', 'ஞானசவுந்தரி நாடகம்' ஆகியவற்றைப் பதிப்பித்து அச்சேற்றினார். அதனால் சொல் தப்பியது. மெட்டு அச்சில் ஏறாது. எந்த இடத்தில் கூத்தைப் பழக்கி ஆட்டுவிக்கும் அண்ணாவியார் குரலை இழுத்தார், மத்தளம் எங்கே மாறியது என்பது ஒலிப்பதிவில் மட்டும்தான் உண்டு. கத்தோலிக்கக் கூத்து வகையான வாசாப்பு, பேசாலையில் பாவைகளைக் கொண்டு திருப்பாடுகளைக் காட்டும் உடக்குப் பாஸ் எல்லாவற்றுக்கும் இதே நிலைதான். தவக்காலத்தில் பாடும் 'வியாகுலப் பிரசங்கம்' கோவாவிலிருந்து வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமிகள் எழுதியது. அவர் 1742இல் இறந்துபோனார். புத்தகம் இருக்கிறது, ஆனால் அதை ஊருக்கூர் வேறு இராகத்தில் பாடுவார்கள். கிழவிகள் நாலு பேர் சேர்ந்து பாடும் அந்த ஊர் இராகம் அந்தக் கிழவிகளோடு போய்விடும். யாரோ ஒருவர் கசெட்டில் பிடித்து, பிறகு வீடியோக் கடையில் கொடுத்து இறுவட்டாக அடித்திருந்தால் மட்டும் மிஞ்சும்.

கசெட்டுகள் ஏன் மிஞ்சவில்லை என்பதை இந்தப் பக்கத்து ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. பற்றரி தடைசெய்யப்பட்டிருந்த தொண்ணூறுகளில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதித்து டைனமோவில் றேடியோ கேட்டவர்கள் நாங்கள். ஒவ்வோர் இடப்பெயர்விலும் எதை எடுப்பது என்ற கேள்வி வரும், கசெட் பெட்டி அந்தப் பட்டியலில் முன்னுக்கு வராது. வைத்திருப்பதே ஆபத்து என்று புதைத்ததும் எரித்ததும் வேறு கணக்கு. 1990இல் நின்றுபோன தலைமன்னார் ரயில் 2015 மார்ச்சில்தான் கடைசித் தரிப்பிடம் வரை திரும்ப ஓடியது. அந்த இடைவெளிக்குள் கசெட் போய் இறுவட்டு வந்து, இறுவட்டும் போகத் தொடங்கியிருந்தது.

பெட்டியை எப்படிப் பிரிப்பது? அடிப்பக்கத்தைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். வெள்ளி நிறம் என்றால் தொழிற்சாலையில் அச்சில் வார்த்தது. பச்சை, நீலம், வெளிறிய பொன் நிறம் என்றால் வீட்டிலோ கடையிலோ லேசரால் சாயத்தைச் சுட்டு எழுதியது. இந்தச் சாயம் வெயிலுக்கும் வெக்கைக்கும் ஆகாது. நமது ஊர்த் தகரக் கூரையின் கீழ் மத்தியானம் எப்படி இருக்கும் என்று தெரியும்தானே. வார்த்த இறுவட்டுக்குள் உள்ள அலுமினியப் படலமும் நிரந்தரமில்லை. 1980களின் கடைசியிலும் 1990களின் தொடக்கத்திலும் இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ஆலையில் வார்த்த ஒரு தொகுதி இறுவட்டுகள் விளிம்பிலிருந்து செம்பு நிறமாகி வாசிக்க முடியாமல் போனது பெயர்பெற்ற கதை. 2001இல் பெலீஸ் நாட்டிலிருந்து வந்த ஓர் இறுவட்டைப் பூஞ்சணமே தின்றிருந்ததைக் கண்டுபிடித்தார்கள்.

பலர் கீழ்ப்பக்கத்தைத்தான் பத்திரப்படுத்துவார்கள். உயிர் மேல்பக்கத்தில்தான். கீழே ஒரு மில்லிமீற்றருக்கு மேல் தடித்த பிளாஸ்டிக் இருக்கிறது, கீறினாலும் மெருகேற்றிச் சமாளிக்கலாம். படலம் பெயர் எழுதும் பக்கத்தில், மெல்லிய அரக்குப் பூச்சுக்குக் கீழே கிடக்கிறது. 'கூத்து 3' இல் அந்தப் பேனை அழுத்திய இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். 'த்' இன் புள்ளி ஊசி முனையளவு ஓட்டையாக மின்னியது. துடைப்பதிலும் ஒரு சங்கதி: வட்டமாகத் துடைக்கக்கூடாது. தடம் வட்டமாகச் சுற்றுவதால் துணியின் கீறல் தடத்தோடேயே நீளமாக ஓடி, திருத்தக்கூடிய அளவைத் தாண்டிவிடும். நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைத்தால் ஒவ்வொரு சுற்றிலும் சிறு வெட்டுத்தான் விழும்.

நிறத்துக்கு அடுத்தது உள்ளடக்கம். ஒரே இறுவட்டில் நூற்றைம்பது பாட்டு என்று விற்ற எம்பி3 இறுவட்டுகளை அப்படியே கோப்பாகப் பிரதி எடுத்தால் போதும். அவற்றை ஃப்ளாக்காக மாற்றுவது அரிசியை நெல் மூட்டையில் கட்டி 'நெல்' என்று எழுதி வைப்பது. இதைவிடச் சூட்சுமமான ஏமாற்று ஒன்று உண்டு. கடைக்காரர் எம்பி3 ஐ இறக்கி, பாட்டு இறுவட்டாக அடித்து, வர்ண உறையும் போட்டு விற்றிருப்பார். பார்வைக்கு அசல். அதன் அலைமாலையை ஒடாசிட்டி போன்ற மென்பொருளில் விரித்துப் பார்த்தால் 16 கிலோஹேர்ட்ஸுக்கு மேலே கத்தியால் வெட்டியதுபோல் வெறுமையாக இருக்கும். 128 கிலோபிட் எம்பி3 இன் வடு அது. மாமியின் சினிமா இறுவட்டுகளில் பெரும்பாலானவை இந்த இனம். இவற்றுக்கு நேரம் செலவழிப்பது வீண். சட்டப்படியும் இவை உதவாது: 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், சட்டபூர்வமான பிரதியிலிருந்து சொந்தப் பாவனைக்கு ஒரு பிரதி எடுக்கத்தான் இடம் கொடுக்கிறது. இங்கே மூலமே களவு.

ஊர்ப் பதிவு என்றால் மட்டும் எம்பி3 இன் வடு இருந்தாலும் எடுக்க வேண்டும். அதைவிட நல்லது கிடைக்காதே. கசெட்டிலிருந்து அடித்தது என்று தெரிந்தால் முதலில் கசெட்டைத் தேடுங்கள். கசெட் ஓடக்கூடிய நிலையில் இருந்தால் இறுவட்டை விட்டுவிட்டு அதிலிருந்தே புதிதாக, 24 பிட், 96 கிலோஹேர்ட்ஸில் எடுப்பதுதான் ஆவணக்காரர் வழக்கம்.

சரி, சாட்சி இல்லாத இறுவட்டை எப்படி நம்புவது? சாட்சியை நாமே உண்டாக்க வேண்டும். ஒரே தடத்தை இரண்டு தடவை இறக்கி இரண்டு எண்ணும் ஒத்துவருகிறதா என்று பார்ப்பது முதற்படி. ஆனால் ஒரே வாசிப்பான் அதே பிழையை இரண்டு முறையும் விடக்கூடும். ஆகவே வேறு கம்பனி, வேறு மொடல் வாசிப்பானில் இன்னொரு முறை. வாசிப்பானுக்கு வாசிப்பான் தொடக்கம் சில ஒலி அளவுகள் முன்பின்னாக விலகும், அந்த விலகலின் அளவை மென்பொருளில் முதலே கொடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சரியான வாசிப்புகளும் ஒத்துவராதவைபோலத் தெரியும். வேகத்தைக் குறைத்து ஓடவிட்டால் நொந்த இறுவட்டும் சில வேளை வாய் திறக்கும். இப்போது வரும் மடிக்கணினிகளில் பெரும்பாலும் இந்த வாசிப்பான் இல்லை. பழைய மேசைக்கணினிகளிலிருந்து கழற்றியவை சந்தியில் அற்ப விலைக்குக் கிடைக்கும். நான் இரண்டு வாங்கினேன், ஒன்று வீட்டுக்கு வந்ததும் தட்டை வெளியே விட மறுத்தது. குண்டூசியால் குத்தித்தான் 'கூத்து 3' ஐ மீட்டேன். அந்த அரை நிமிடம் மாமி என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க மாட்டேன்.

கூத்துப் பதிவுகளில் இன்னொரு தொல்லை. விடிய விடிய ஆடிய கூத்தை 74 நிமிடத் துண்டுகளாக வெட்டியிருப்பார்கள், பாட்டின் நடுவிலேயே இறுவட்டு முடியும். அதற்குள்ளும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடம் என்று இயந்திரம் தன்பாட்டில் போட்ட கோடுகள். அவற்றைத் தனித்தனிக் கோப்பாக்கினால் சில கருவிகளில் ஒவ்வொரு கோட்டிலும் தாளம் இடறும். முழு இறுவட்டையும் ஒரே ஃப்ளாக் கோப்பாக இறக்கி, தடங்கள் எங்கே தொடங்குகின்றன என்ற குறிப்பைப் பக்கத்தில் தனிக் கோப்பாக வைப்பதுதான் இதற்கு ஏற்றது. இரைச்சல் நீக்குவது, சத்தம் கூட்டுவது எல்லாம் பிரதியில் செய்யலாம். மூலக் கோப்பில் கை வைக்கக்கூடாது. அதில் கேட்கும் நாய்க் குரைப்பும் ஜெனரேற்றர் சத்தமும் கூட என்றோ ஒருவருக்குத் தகவல்.

எல்லாவற்றிலும் அதிக நேரம் தின்றது பெயர் எழுதுவதுதான். கடை இறுவட்டைப் போட்டதும் மென்பொருள் இணையத்தில் பார்த்துப் பாட்டின் பெயரை நிரப்பிவிடும், மியூசிக்பிரெயின்ஸ் போன்ற பொதுத் தரவுத்தளங்கள் அதற்கு இருக்கின்றன. ஊர் இறுவட்டுக்கு 'தடம் 01' என்று நிற்கும். சிலவற்றில் கோப்புப் பெயர்கள் பாமினி எழுத்துருவில் அடித்தவை, இன்றைய கணினியில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். மாற்றி யுனிகோட்டுக்குக் கொண்டுவந்தால் நல்ல தமிழ். ஃப்ளாக் கோப்பின் குறிப்புகள் யுனிகோட்டை ஏற்கும், புதிய தலைப்புகளையும் நாமே சேர்க்கலாம். நான் 'பாடகர்' என்பதோடு நிற்காமல் அண்ணாவியார், மத்தளம், பாங்கு, ஊர், ஆண்டு, மூலம் எதிலிருந்து, யாரிடமிருந்து கிடைத்தது என்று சேர்த்தேன். பெரும்பாலும் வெற்றிடம்தான். ஓர் இரவு மாமியையும் பக்கத்து வீட்டுப் பெரியப்பாவையும் இருத்திப் போட்டுக் காட்டினேன். நாலாவது நிமிடத்தில் பெரியப்பா கையை உயர்த்தி நிற்பாட்டச் சொன்னார். "உது பாடுறவன்ர குரல் இல்லை, பின்பாட்டு. மற்றவன் இடையில இருமுறான், கேட்டியே? அவனுக்கு அப்பவே நெஞ்சுக்குத்து." அன்றைக்கு மூன்று வெற்றிடம் நிரம்பியது. ஒன்றைப் பற்றி மாமியும் பெரியப்பாவும் இன்னும் உடன்படவில்லை. இரண்டு பெயரையும் எழுதி, யார் எதைச் சொன்னது என்றும் எழுதி வைத்தேன்.

வீட்டுக் கணினியில் மட்டும் வைத்தால் அது சேமிப்பாகாது. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்றாவது ஊருக்கு வெளியே என்பது ஆவணக்காரர் கணக்கு. யாழ்ப்பாணப் பொது நூலகத்தை 1981இல் ஒரே இரவில் இழந்த சமூகத்துக்கு அந்த மூன்றாவது பிரதி ஏன் என்று சொல்லித் தர வேண்டியதில்லை. 2005இல் இணையத்தில் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் வருடி வைத்ததோடு நிற்கவில்லை. 'ஆவணகம்' என்ற பெயரில் ஒலி, ஒளிப்பட, காணொளிச் சேகரங்களுக்கும் இடம் வைத்திருக்கிறது. பாடியவர்களின் குடும்பத்திடம் ஒரு சொல் கேட்டுவிட்டு ஊர்ப் பதிவுகளை அங்கே கொடுப்பது நல்லது. ஃப்ளாக் கோப்பின் தலையில் உள்ள ஒலியின் சுருக்க எண்ணை வைத்து, பத்து வருடம் கழித்தும் ஒரு பிட் மாறியிருக்கிறதா என்று ஒரே கட்டளையில் சோதிக்கலாம். எம்பி3 கோப்பில் இந்த வசதி இல்லை.

143 இல் நான் இறக்கியது 31தான். பத்தொன்பது அசல், பன்னிரண்டு ஊர்ப் பதிவு. மிச்சம் எம்பி3யும் வீடியோவும் எம்பி3யிலிருந்து அடித்த போலிகளும். முதல் இரண்டையும் பிரதி எடுத்துவிட்டுப் போலிகளை ஒரு பக்கத்தில் வைத்துவிட்டேன். பன்னிரண்டில் பதினொன்றுக்கு இரண்டு வாசிப்பானும் ஒரே எண்ணைத் தந்தன.

'கூத்து 3' இல் மட்டும், அந்தப் பேனைப் புள்ளி விழுந்த இடத்தில், ஒன்று சொல்வதை மற்றது ஒத்துக்கொள்ளவில்லை. பதினெட்டு செக்கன். கேட்டால் ஒன்றும் தெரியவில்லை, அரசன் வரவுக்குரிய மத்தளம் ஒழுங்காகத்தான் போகிறது. இரண்டு வாசிப்பையும் தனித்தனியாக வைத்திருக்கிறேன். கொழும்பிலிருந்து ஒரு சிநேகிதன் பழைய பிளெக்ஸ்டர் வாசிப்பான் ஒன்றை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை ரயிலில் வருகிறான்.